சொந்தம் இல்லீங்க

1

என் மகளை என் அண்ணன் "மேடம்" என்று கூப்பிட்டார்.

வெளிநாட்டில் குடியேறியவர்கள் எழுதும் குறிப்பு என்றால் பனியில் தொடங்கி ஊர் மண்ணில் முடிய வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. இந்த ஒரு வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகள் பெயர் தாரிணி. இங்கே கனடாவில் முதுகலை படிக்கிறாள். ஆய்வுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த பணத்தில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருக்கிறாள். தங்கியிருப்பது என் அண்ணன் தேவராஜ் வீட்டில். நான் பிறந்து வளர்ந்த வீடு. போன மாதம் ஒரு சாயங்காலம் நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை, அவளிடமிருந்து போன் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அம்மா, மாமா என்னை மேடம்னு கூப்பிடறாங்க. தெருவுல யாராவது இருந்தா மட்டும். வீட்டுக்குள்ள வந்தா கண்ணுன்றாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எதிர் வீட்டுக்காரம்மா அண்ணனைக் கேட்டதை அப்படியே நடித்தும் காட்டினாள்.

"இன்னா தேவராஜண்ணா, உங்க ஊட்டுக்கு வந்துகிற மேடம் மூக்கு அப்டியே உங்கம்மா மூக்காட்டம் கீதே?"

அதற்கு அண்ணன், "வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்டித்தாம்மா இருக்கும்" என்றாராம். அவள் சிரித்தாள். நானும் சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் எழுப்பினேன்.

பிறகு அவள் குரல் மாறியது. "வெளியில வெச்சு என்னை மாமான்னு கூப்டாதன்னும் சொன்னாங்க. ஏம்மா?"

"வெயில் ரொம்ப அதிகமா அங்க?" என்று கேட்டேன். அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் சொன்னேன்.

2

தாரிணிக்கு ஊர் மேல் ஆசை வந்தது என்னால் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து நான் சொல்லாத கதை இல்லை. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் போவதை, பொன்னேரிக்குப் படிக்கப் போனதை, அண்ணன் என்னை சைக்கிளில் வைத்து ஸ்டேஷனில் விட்டதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். காதில் ஏறவில்லை. "இது போன தடவையே சொன்னம்மா" என்பாள். பத்து வயதுக்கு மேல் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில்தான் பதில் வரும். கடைசியாக ஊருக்குப் போனபோது சின்னப் பெண். கொசுக்கடியும், பெரிய சத்தத்தோடு ஓடிய டேபிள் ஃபேனும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

அப்படிப்பட்டவளுக்கு வகுப்பில் யாரோ ஒரு பேராசிரியர், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "உங்க ஊர்ல ஃபேக்டரி இருக்காம்மா?" என்று கேட்டாள். உங்க ஊர்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி இருக்கா என்று கேட்கிறாளே. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கும் என்றேன். தேர்வாய் கண்டிகை கம்பெனிகளுக்குப் போகிற பஸ். டிபன் பையும் கழுத்தில் அட்டையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணன் புலம்புவது அதனால்தான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்வதை என் மகள் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அதைத்தான் அவள் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் வீட்டு வேலை, வயல் வேலை, ஷிஃப்ட் மூன்றையும் எப்படி ஒரே நாளுக்குள் அடக்குகிறார்கள் என்பதுதான் விஷயம். அங்கேயே தங்கி, அவர்களோடு பேசிப் பழகி எழுத வேண்டும். முதுகலை மாணவர்களின் இந்த மாதிரி வேலைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிதி இருக்கிறது. கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இங்கேயே நூலகத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது எழுதி முடித்துவிடுவாள்.

எனக்கு அந்தப் பணம் கிடைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது. ஆய்வுக்காக இல்லை. என் மகள் ஒரு முழுக் கோடையும் என் அண்ணன் வீட்டில் சாப்பிட்டு, அந்தத் தெருவில் நடந்து, அவர்களோடு தமிழில் பேசப் போகிறாள். இந்த வாய்ப்பு போனால் இனி அவளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஒருநாள் நான் போய்விட்டால் அதோடு சரி. அந்தப் பயம்தான் என்னை ஆட்டிவைத்தது.

3

இங்கே ஒரு விண்ணப்பம் என்பது பெண் பார்க்க வருவதைவிட மோசம். ஏன் இந்த ஆய்வு, ஏன் இந்த ஊர், ஏன் நீ, யாருக்கு என்ன பலன், மழை வந்தால் என்ன செய்வாய், காய்ச்சல் வந்தால் எங்கே போவாய் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். தாரிணி ராத்திரி பகலாக எழுதினாள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் என்னிடம் கொடுத்தாள். அங்கே அவளுக்குத் தங்க இடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகும் ஆளைப் பற்றிய பக்கம். "மாமாகிட்ட பேசி நீயே போட்டுடும்மா, எனக்கு அவங்க டீடெய்ல்ஸ் தெரியாது" என்றாள்.

பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், பூட்டுப் போடும் அறை உண்டா. எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பிப்பவருக்கும் இவருக்கும் குடும்ப உறவு உண்டா?

என் கை நின்றது.

ஊரில் வேலைக்கோ படிப்புக்கோ மனுப் போட்டவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தெரியும். யாராவது ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். "இவரை எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியும், இவர் எனக்கு உறவினர் அல்ல" என்று அதில் அச்சடித்தே இருக்கும். எங்கள் சித்தப்பா ஊத்துக்கோட்டையில் தலைமை ஆசிரியர். என்னைத் தூக்கி வளர்த்தவர். "நான் போடக் கூடாதும்மா, சொந்தம்" என்று கையை விரித்துவிட்டார். நைனா, அதாவது என் அப்பா, என்னைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். என் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த அந்த மனுஷர், பல வருஷமாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுத்தார். தெரிந்தவர் போடக் கூடாது, தெரியாதவர் தெரியும் என்று போடலாம். ஆபீஸ் என்றால் எனக்கு அதுதான். சொந்தம் என்று ஒரு வார்த்தை இருந்தால் காகிதம் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. மாமா வீட்டுக்கு லீவுக்குப் போக யாராவது பணம் கொடுப்பார்களா? இது ஆராய்ச்சியா என்று கேட்டுச் சிரிக்க மாட்டார்களா?

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அண்ணனுக்கு முன்னால் நைனா இனிஷியல். தாரிணிக்குப் பின்னால் என் கணவர் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன். தாரிணி மற்ற பக்கங்களைத்தான் நூறு தடவை படித்தாள். இதைப் படிக்காமல் அனுப்பிவிட்டாள்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அவங்க போன்ல கூப்ட்டு உன்கிட்ட பேசுவாங்களாம். சொந்தமான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடு."

"சொந்தம்னு சொன்னா பேஜாராயிடுமா?"

"பணம் தர மாட்டாங்க."

"அத்த சொல்லு. காண்டக்ட் சர்டிபிகேட்டாட்டம். நம்ம சித்தப்பா போட மாட்டேன்னாரே, அது மாதிரி." அவருக்கும் சட்டென்று அதுதான் ஞாபகம் வந்தது. "நீ கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன். புள்ள வந்தா போதும்."

4

இந்த ஜனவரியில் நிதி அலுவலகத்திலிருந்து வீடியோவில் பேசினார்கள். வெளியே பனி ஜன்னல் விளிம்பு வரைக்கும் ஏறிக் கிடந்தது. தாரிணி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் படத்தில் விழாமல் அடுப்பு ஓரமாக நின்றுகொண்டேன். திரையில் நிதி அலுவலகத்து அம்மா ஒருவர், மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, இன்னொரு கட்டத்தில் என் அண்ணன்.

வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். எண்ணெய் வைத்து வாரியிருந்தார். நான் பார்த்தது அவரை இல்லை, அவருக்குப் பின்னால் இருந்த சுவரை. அங்கே ஒரு ஆணியும், அதன் கீழே மற்ற சுவரைவிட வெளுப்பாக ஒரு சதுரமும் இருந்தன. நானும் என் கணவரும் கைக்குழந்தை தாரிணியோடு எடுத்துக்கொண்ட படம் அந்த இடத்தில்தான் மாட்டியிருக்கும். கழற்றிவிட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை. அவராகவே யோசித்துச் செய்திருக்கிறார்.

"வணக்கம் ஐயா. நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்றார் யாழ்ப்பாணத்து அம்மா.

"சொல்லுங்கம்மா."

அறையைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். கடைசியாக அந்த அம்மா கேட்டார்:

"இந்தப் பிள்ளை உங்களுக்குச் சொந்தமோ?"

அண்ணன் திரையைப் பார்த்தார். அதில் தாரிணி இருந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் முகத்தை நன்றாக, நேருக்கு நேர் அப்போதுதான் பார்க்கிறார்.

"இல்லீங்கம்மா. சொந்தம் இல்லீங்க."

அதோடு முடிந்திருக்கும். நிதி அலுவலகத்து அம்மா தலையாட்டி எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அண்ணனுக்குத் தான் சொன்னது போதாது என்று பட்டிருக்க வேண்டும். அவராகவே மேலே போனார்.

"அவங்க யாரோ, நாங்க யாரோங்க. நம்ம ஊருக்குன்னு வர்றாங்க. பத்திரமா பாத்துக்குவோம். அவ்ளோதாங்க."

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் என்னவென்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்பவன் அவன். கல்யாணத்தில் முதல் மாலை அவனுடையது. அந்த மனுஷர் வாயால் அவங்க யாரோ, நாங்க யாரோ என்று சொல்ல வைத்தேன். அடுப்பு ஓரத்தில் நின்றுகொண்டு என் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

தாரிணி லேப்டாப்பை மூடினாள். அந்தப் பதிலை அவள் கவனிக்க மாட்டாள் என்று நான் எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்.

"மாமா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"ஃபார்ம்ல அப்படித்தான் போடணும்."

"யார் சொன்னது?"

நான் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீ மாமாவைப் பொய் சொல்ல வெச்சியா? என் பேர்ல?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாளே நிதி அலுவலகத்துக்கு எழுதினாள். அவர் என் தாய்மாமன், தவறுதலாக இல்லை என்று போட்டுவிட்டோம், மன்னிக்கவும் என்று எழுதினாள். எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் கணவர் வழக்கம்போல, "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்த வாரத்திலேயே பதில் வந்தது. தாரிணி போனை என் முன்னால் வைத்தாள். தெரிவித்ததற்கு நன்றி. உறவினர் வீட்டில் தங்குவதில் எந்தத் தடையும் இல்லை, நிறைய மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டோம், திருத்திக்கொண்டோம். இவ்வளவுதான் அதில் இருந்தது. அடுத்த மாதம் பணமும் கிடைத்தது.

"மாமாகிட்ட சொல்லிடும்மா. நான் சாரி சொன்னேன்னும் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

5

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனைக் கூப்பிடுவது வழக்கம். பணம் வந்த வாரமும் கூப்பிட்டேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பணம் கிடைத்த சேதியைச் சொன்னதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. உள்ளே இருந்த கஸ்தூரி அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நான் அன்னிக்கு ஒயுங்காத்தான் சொன்னேனாம்மா?"

"நல்லா சொன்னண்ணா."

"நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டேனோன்னு இருந்துச்சு."

"இல்லண்ணா. உன்னாலதான் கெடச்சுது."

இதை எழுதும்போதே கை கூசுகிறது. நீ சொன்னது தேவையே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் யாரையும் கேட்காமல், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு கட்டத்தில் குறி போட்டதால்தான் நீ அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாய் என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருக்கிறேன். ஊரில் யாருக்கு எந்தப் பேப்பர் என்றாலும் சுமதியைக் கேள், அவளுக்குத் தெரியும் என்பார் அண்ணன். அந்தப் பெயரையும் விட மனசில்லை.

கோடை வரட்டும், அவள் அங்கே போய்ச் சேரட்டும், தானாக எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர் என்பதை நான்தான் மறந்துவிட்டேன். பல்கலைக்கழகத்து ஆட்கள் யாராவது விசாரிக்க வந்துவிடுவார்களோ, யாராவது படம் எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்று அந்த மனுஷர் பயந்திருக்கிறார். தாரிணி பெரிய பையோடு காரிலிருந்து இறங்கியபோது வாசலில் நின்று, "வாங்க மேடம்" என்றாராம். தங்கை மகளை வாங்க என்றாராம்.

6

நான் வெயிலைப் பற்றிக் கேட்டதும் தாரிணிக்குப் புரிந்துவிட்டது.

"நீ சொல்லவே இல்ல, இல்லம்மா?"

 பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது.

"மாமா இங்கதான் இருக்காங்க. இப்பவே நீயே சொல்லு."

வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினாள், அண்ணன் முகம் திரையில் வந்தது. அப்போதுதான் பல் விளக்கியிருந்தார், தோளில் துண்டு.

"இன்னாம்மா? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அண்ணா, அந்த ஆபீஸ்ல... சொந்தம்னு சொன்னா தப்பே இல்லியாம்ணா. சொந்தக்காரங்க ஊட்ல தங்கனாலும் பணம் குடுப்பாங்களாம். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்களாம்."

அப்புறம் ஏன் என்னைச் சொல்லச் சொன்னாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எப்ப தெரியும் உனுக்கு?"

"அப்பவே."

"அப்பவேன்னா?"

"நீ பேசுன அந்த வாரமேண்ணா."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. போனைத் தாரிணியிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை மதில் மேல் சாய்த்து வைத்தாள். பாதி வானமும் பாதித் தெருவும் தெரிந்தன. அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பது கேட்டது.

"கஸ்தூரி! ஆரத்தி கரைச்சு எடுத்துகினு வா."

"இப்பவா? நாஷ்டாவுக்குத் தோசை ஊத்திகினு கீறேன்."

"தோசை கெடக்கட்டும். எடுத்துகினு வா." பிறகு தாரிணியிடம், "கண்ணு, நீ பையை எடுத்துகினு ரோட்டாண்ட போய் நில்லு."

"எந்தப் பை மாமா?"

"வந்தப்போ கொண்டாந்தியே, பெருசு. அது."

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். துணியெல்லாம் அலமாரியில் இருந்ததால் வெறும் பை. அதை உருட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கழுத்தில் அட்டையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவளுடைய ஆராய்ச்சியே அவர்கள்தான். இப்போது அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"என் தங்கச்சி பொண்ணு" என்றார் அண்ணன், தெருவுக்கே கேட்கும்படி. "நம்ம சுமதி பொண்ணு. நான்தான் தாய்மாமன். இன்னிக்குத்தான் வந்துகிறா."

அண்ணி சிவப்புத் தண்ணீர்த் தட்டில் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். தாரிணி நெற்றியில் பொட்டு வைத்தார். அண்ணன் ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் அவள் கையையும் பிடித்து வாசலுக்குள் அழைத்துக்கொண்டு போனார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணா" என்று கூப்பிட்டேன். அவர் போனைத் தாண்டித்தான் போனார். காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு தாரிணி நிறையப் பேசுகிறாள். தமிழில்தான். மாமா இதைச் சொன்னார், அத்தை அதைச் செய்தார், சுவரில் நம் படத்தை மறுபடி மாட்டிவிட்டார்கள் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தாரிணியைக் கூப்பிட்டு, மாமாவிடம் கொடு என்றால், மாமா கழனியில் இருக்கிறார் என்கிறாள். அறுப்பு எப்போதோ முடிந்து கழனி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது என்று படம் அனுப்பியவளும் அவள்தான்.

நேற்று கூப்பிட்டபோது அங்கே இரவு ஒன்பது மணி இருக்கும். மாமா இல்லையா என்றேன். கொஞ்சம் தயங்கி, "கழனிக்குப் போயிருக்காங்கம்மா" என்றாள். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்கு அந்தச் செருமல் நன்றாகத் தெரியும்.

"சரி, வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன்.